விரதம் பிடித்த அல்சேஷன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முப்பது வருடம் தபால் கந்தோரில் கவுன்டருக்குப் பின்னால் இருந்து சனத்தோடு வாய்காட்டிப் பழகியது, ஓய்வு பெற்ற பிறகும் அடங்கவில்லை. அந்த வாயால்தான், பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு நாய்க்குட்டி கண்காட்சியில் பரிசு எடுக்கும் என்று என் மனைவியிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

குட்டியைத் தந்தவர் குருநகர் நண்பர். என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர். கடற்றொழில் குடும்பம், மாதா கோவில் தவறாத வேதக்காரர். அவருடைய அண்ணன் தம்பிமார் வள்ளம் வைத்திருக்க, இவர் மட்டும் நாய் வளர்த்தார். அவருடைய நாய்கள் கொழும்பு வரை போய்ப் பரிசு வாங்கியவை. குட்டியோடு தந்த வம்சக் கடுதாசியில் ஜேர்மன் ஷெப்பர்ட் என்று எழுதியிருந்தாலும் எங்கள் பக்கத்தில் அது அல்சேஷன்தான். நானும் அதற்கு ஒரு பெயர் வைத்தேன். கூப்பிட்டால் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத பெயரை இங்கே எழுதி என்ன பயன்?

வந்த இரண்டாம் நாளே அது சாமியறைக்குள் போய், பிள்ளையாருக்குப் படைத்த மோதகம் ஐந்தையும் தின்றுவிட்டு அங்கேயே படுத்து நித்திரையாகிவிட்டது. என் மனைவி கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கமாட்டாள். தணிந்த குரலில் ஒரு முடிவைச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். அதற்குப் பிறகு யாரோடு வாதாடுவது?

"அண்ணைக்கு வன்னியிலை கச்சான் தோட்டத்துக்கு ஒரு நாய் வேணுமாம். காட்டுப்பண்டி வந்து கிண்டுதாம். உதை அங்கை அனுப்புவம்."

"கச்சான் காக்கிற நாயே உது? கண்காட்சிக்குப் போற சாதி. தகப்பன், பாட்டன், பூட்டன் எல்லாம் கடுதாசியிலை கிடக்கு. வாசிச்சுப் பாரும்."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள்.

"எங்கடை கலியாணத்துக்கு உங்கடை ஆக்களைப் பற்றி உவ்வளவு விசாரிக்கேல்லை" என்றாள். பிறகு கடுதாசியை மடித்துத் தந்தாள். "சரி. கண்காட்சிக்குக் கொண்டுபோங்கோ. பரிசு ரிபன் ஒண்டோடை வந்தா இஞ்சை நிக்கட்டும். வராட்டி வன்னிக்குப் போகட்டும்."

"எடுக்கும்" என்று நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போது அந்தக் குட்டி என் காற்செருப்பின் வாரைச் சப்பிக்கொண்டிருந்தது. அதைப் பிரிய எனக்கு ஏற்கெனவே மனம் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான். ஆனாலும் அதுதான் உண்மை.

கண்காட்சி ஆவணியில், நல்லூர்த் திருவிழா முடிந்து சில நாளில் என்று அறிவித்திருந்தார்கள். ஐந்து மாதம் இருந்தது. அங்கே என்ன நடக்கும் என்று குருநகர் நண்பர் விளக்கினார். கயிறு கட்டிய இடத்துக்குள் நாயைக் கொண்டுபோய், பின்கால் ஒன்றைச் சற்றே பின்னால் வைத்து அசையாமல் நிறுத்த வேண்டும். நடுவர் வந்து வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பார். ஆண் நாய் என்றால் பின்பக்கமும் கை போட்டு, இருக்க வேண்டிய இரண்டும் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பார். இந்தக் கடைசி விஷயத்தை மனைவிக்கு விளக்குவதை நான் ஒத்திப்போட்டேன். எல்லாம் முடிந்த பிறகு, நாய் என் இடது பக்கத்தில் அளவான ஓட்டமாக ஓடிக் காட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் நாய் வளர்ப்பதே வேற்றாளைக் கண்டால் குலைப்பதற்கு. முன்பின் தெரியாத ஒருவர் வந்து வாய்க்குள் விரலை விட, நாய் பேசாமல் நிற்க வேண்டும் என்றால் அதை எப்படிப் பழக்குவது? வேற்றாட்கள் வேண்டும். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் விறாந்தைக் கதிரையில் இருத்த முன்னர் நாயின் பல்லைப் பார்க்க வைத்தேன். மின்சார வாசிப்பு எடுக்க வந்த பெடியன் பார்த்தான். தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "பல்லு நல்லாத்தான் கிடக்கு" என்றார் மரியாதைக்கு. பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது விரலை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே இருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஓட்டம் இன்னொரு கூத்து. அறுபதைத் தாண்டிய மனிதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கையில் ஓட, பக்கத்தில் ஒரு பெரிய நாய் ஓடினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? முதல்நாள் முன்வீட்டுக்காரர் படலையைத் திறந்து, "மாஸ்டர், கெதியா உள்ளை வாங்கோ" என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தார். போஸ்ட் மாஸ்டராக இருந்ததால் ஊரில் எல்லோருக்கும் நான் மாஸ்டர். நின்று விளக்கம் சொல்ல மூச்சு இல்லாததால் கையைக் காட்டிவிட்டு ஓடினேன். அவர் அதையும் தப்பாக விளங்கிக்கொண்டு தடியோடு வந்தார்.

இப்படியெல்லாம் பழக்கி, அவித்த ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு நாயை ஒரு நிமிடம் சிலையாக நிற்கவும் வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழாவுக்குக் கொடி ஏறியது.

எங்கள் வீட்டில் கொடியேற்றம் முதல் திருவிழாக் கடைசியில் வரும் வைரவர் மடை முடியும்வரை மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை எதுவும் படலைக்குள் வராது. கொடியேற்றத்துக்கு முதல்நாள் மனைவி சட்டி பானையெல்லாம் மாற்றி, வீடு முழுக்கக் கழுவி, குளிரூட்டிப் பெட்டியையும் மஞ்சள் தண்ணீரால் துடைப்பாள். என் ஈரல் பொட்டலம் வேலிக்கு அப்பால் போனது. நாய்க்கும் பருப்பும் சோறும் என்றாகிவிட்டது.

கையில் ரஸ்க் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். நாய் ரஸ்க்கை மணந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தது. அவித்த கடலை காட்டினேன். தேங்காய்ச் சொட்டுக் காட்டினேன். அது என்னைப் பார்த்த விதத்தில் ஏமாற்றத்தைவிட இரக்கம்தான் கூட இருந்தது. கண்காட்சிக்கு நான்கு கிழமைகூட இல்லை. எனக்கு நித்திரை வரவில்லை. வன்னியில் ஒரு கச்சான் தோட்டமும் அந்த நிலக்கடலைச் செடிகளின் நடுவில் கட்டிய சங்கிலியும் கண்ணுக்குள் வந்து நின்றன.

குருநகர் நண்பரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"ஐசே, உம்மடை படலைக்குள்ளைதானே மச்சம் வரக்கூடாது" என்றார் அவர். "நாய் படலைக்கு வெளியிலை வரலாம்தானே?"

"பாவமில்லையே?"

"எங்களுக்கும் தவக்காலம் எண்டு ஒண்டு வரும். அந்த நாற்பது நாளும் என்ரை நாய் என்னத்தைத் திண்டது எண்டு சுவாமியாரே கேட்டதில்லை."

அன்றைக்கே தொடங்கினோம். பின்னேரம் மூன்று மணிக்கு நாயை ஸ்கூட்டியின் முன்பலகையில் ஏற்றிக்கொண்டு குருநகருக்குப் போவேன். அங்கே அவருடைய முற்றத்தில், காயப்போட்ட வலைக்குப் பக்கத்தில் பயிற்சி நடக்கும். அவர் தம்பிமார் கொண்டுவந்த மீன் தலைகள் அவித்து ஆறவைத்திருக்கும். நிற்பதற்கு நெத்தலிக் கருவாடு, ஓடுவதற்கு மீன் தலை. நாய் நின்ற நிலையைப் பார்த்து நண்பரே ஒருநாள் வாயைப் பிளந்தார்.

திரும்பும்போது, மீன் மணம் போக, நாயின் வாயைப் புளித் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துவிடுவேன். வீட்டுக்குப் போக முன்னர் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் இறக்கி, சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டுவேன். நானும் குளிப்பேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் ஈரத் தலையோடு படலைக்குள் நுழைவோம்.

மூன்றாம் நாள் மனைவி இதைக் கவனித்தாள்.

"ஒவ்வொரு நாளும் குளிச்சிட்டே வருது?"

"ஓம். அதுக்கும் திருவிழாதானே" என்றேன். சொன்ன மறுநிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டை எடுத்துவந்து, குனிந்து, நாயின் நெற்றியில் ஒரு கீற்று இழுத்தாள். நாயோ நான் பழக்கிய மாதிரியே, பின்காலைச் சற்றே பின்னால் வைத்து, அசையாமல் நின்றது.

அதோடு கதை ஒழுங்கை முழுக்கப் பரவியது. மாஸ்டர் வீட்டு அல்சேஷன் மச்சத்தை விட்டுவிட்டதாம். ஒருநேரச் சோறும் பருப்பும்தானாம். குளித்துவிட்டுத் திருநீறு பூசினால்தான் வீட்டுக்குள் வருமாம். வைரவருடைய வாகனம் அல்லவா, அதற்கு இல்லாத பக்தி யாருக்கு என்றார்கள். சிலர் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டி, "நாயே விரதம் பிடிக்குது, உனக்கென்ன?" என்று அதுகளைப் பேசினார்கள். பின்வீட்டு அம்மா வெள்ளிக்கிழமை தோறும் வைரவருக்குச் சாத்திய வடைமாலையில் பாதியைக் கொண்டுவந்து போட்டார். முன்வீட்டுக்காரரும் தடியை மறந்துவிட்டு மோதகத்தோடு வந்தார். முப்பது வருடத்தில் என் வாய் அடங்கியிருந்தது அந்த இருபத்தைந்து நாள் மட்டும்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யோசித்திருக்க வேண்டும். முதற்கிழமை நாயையும் ஏற்றி என் இரண்டு காலையும் ஸ்கூட்டியின் முன்பலகையில் வைக்க இடம் இருந்தது. மூன்றாம் கிழமை ஒரு காலை வெளியே தொங்கவிட்டுத்தான் ஓட்டினேன். நாய் வளர்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

வைரவர் மடை முடிந்து மூன்றாம் நாள் கண்காட்சி. நானும் மனைவியும் நாயும் ஓட்டோ பிடித்துப் போனோம். நாங்கள் மட்டும் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். பின்னால் ஒரு வானில் எங்கள் ஒழுங்கைச் சனம் வந்து இறங்கியது. விரதம் பிடித்த நாய் பரிசு எடுப்பதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? கயிற்றுக்கு வெளியே பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். நடுவில் என் மனைவி, பட்டுச் சேலையோடு.

பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்த அல்சேஷன் பிரிவில் மொத்தம் நான்கு நாய்கள். மூன்று பேருக்கு ரிபன். நாலில் மூன்று என்றதும் எனக்கு மூச்சு வந்தது.

நடுவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா. தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒரு இளைஞன் மைக்கோடு அவர் பின்னால் நடந்தான். எங்கள் முறை வந்தது. மற்ற மூன்றில் ஒன்று நெளிந்தது, ஒன்று குந்திவிட்டது, ஒன்று கத்தியது. என்னுடையது நின்றது. கோவில் வாசலில் கல்லில் செய்து வைத்த மாதிரி நின்றது. என் காற்சட்டைப் பொக்கற்றில் கைலேஞ்சியில் சுற்றிய நெத்தலி இருந்தது என்பது அதற்கும் எனக்கும் குருநகர் நண்பருக்கும் மட்டும் தெரியும். விரதம் முடிந்துவிட்டாலும், இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் மறைத்தேன்.

பல்லைப் பார்த்தார். கலியாணவீட்டுக்காரர் முதல் மின்சாரப் பெடியன் வரை எல்லோருக்கும் காட்டிய பல்லை, நாய் தாராளமாகக் காட்டியது. பின்பக்கமும் பார்த்தார். ஒழுங்கைப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஓடச் சொன்னார். ஓடினோம். நடுவர் தலையாட்டினார். பிறகு இரண்டு கையாலும் நாயின் விலாவைப் பிடித்தார். அழுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அழுத்தினார்.

"நாய்க்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள் எண்டு கேக்கிறா" என்றான் இளைஞன், மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே.

கயிற்றுப் பக்கம் பார்த்தேன். அத்தனை கண்ணும் என்மேல்தான்.

"சைவம்" என்றேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து மெல்லத் தலையாட்டினார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. முகத்தைத் துடைப்போம் என்று ஒன்றும் யோசிக்காமல் கைலேஞ்சியை இழுத்தேன். நெத்தலி முழுவதும் புல்லில் கொட்டியது.

அதுவரை அசையாமல் நின்ற நாய் அப்போதுதான் அசைந்தது. ஒன்றும் விடாமல், அவசரப்படாமல், ஆறுதலாக, புல்லையும் நக்கித் தின்று முடித்தது. தமிழ் தெரியாத நடுவருக்கும் இது மட்டும் முழுவதாக விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு இளைஞனிடம் ஏதோ சொன்னார். அவன் மைக்கில் அறிவித்தான்:

"நல்ல நாய் எண்டு சொல்லுறா. எலும்பு நல்லம், பல்லு நல்லம், ஓட்டம் நல்லம். ஆனால் விலா எலும்பைக் கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்காம். ரெண்டு நாயின்ரை சாப்பாட்டை ஒரு நாய் சாப்பிடுதாம்."

நாங்கள் நாலாவது. நெளிந்த நாய்க்கும் குந்திய நாய்க்கும் கத்திய நாய்க்கும் ரிபன் கட்டினார்கள்.

பின்வீட்டு அம்மா வானில் ஏறும்வரை என் பக்கம் திரும்பவில்லை. குருநகர் நண்பர் சனத்துக்குள் நின்றவர் எந்த வழியால் போனார் என்றே தெரியாது. நாங்கள் மூவரும் ஓட்டோவில் ஏறினோம். நாய் நடுவில் இருந்து, மனைவியின் பட்டுச் சேலையில் தலையை வைத்துக் கண்ணை மூடியது. அவள் தட்டிவிடவில்லை. கையில் வந்த ரிபனை நானே மீன் தலை கொடுத்துத் தொலைத்தேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

கல்வியங்காடு தாண்டியதும் அவள் வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"நெத்தலி எப்ப துவக்கம்?"

இனி மறைத்து என்ன? "கொடியேறி மூண்டாம் நாள்" என்றேன். "ஆனால் ஒரு துண்டுகூடப் படலைக்குள்ளை கொண்டரேல்லை. எல்லாம் குருநகரிலைதான். தேசிக்காய் போட்டு வாய் கழுவி, குளிப்பாட்டித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

ஓட்டோ இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியது.

"முட்டை ரெண்டாம் நாள் துவக்கம்" என்றாள்.

"என்ன முட்டை?"

"அவிச்ச முட்டை. நாளுக்கு மூண்டு."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பருப்புச் சோத்தைப் பாத்துப்போட்டு அது என்ரை முகத்தைப் பாத்தது. வளர்ற உடம்பு. நான் என்ன செய்யிறது?" என்றாள். "குசினிக்குள்ளை கொண்டுபோகேல்லை. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை மூண்டு கல்லு வைச்சு, பால்மா ரின்னிலை அவிச்சனான். முட்டைக் கோதைக் கிடங்கு வெட்டித் தாட்டனான். பேந்து தலைக்குக் குளிச்சிட்டுத்தான் விளக்கு வைச்சனான்."

அந்த மாதம் முழுக்க அவள் காலையும் மாலையும் தலைக்குக் குளித்ததை நான் பக்தி என்று நினைத்திருந்தேன். அவள் என் ஈரத் தலையை என்னவென்று நினைத்தாளோ, கேட்கவில்லை. ஓட்டோக்காரர் மட்டும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு ஓட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகும் வன்னியைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. வாக்கு வாக்குத்தான். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடத்தில் அவள் ஒரு முடிவை மாற்றி நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலை அவளுடைய தமையன் வன்னியிலிருந்து ஃபோன் எடுத்தார். நான் முற்றத்தில் நாய்க்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் விறாந்தையில் காய் வெட்டிக்கொண்டிருந்ததால் ஃபோனைச் சத்தமாகப் போட்டு வைத்திருந்தாள்.

"என்ன தங்கச்சி, ரிபன் கிடைச்சதோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப நான் ஞாயித்துக்கிழமை லான்ட்மாஸ்டர் உழவு மிசினோடை வாறன். பண்டி கச்சானைக் கிண்டி எடுத்துப்போட்டுது. நாய் கெதியா வேணும்."

என் கை நின்றுவிட்டது. நாய் ஏன் தேய்க்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்தது. கத்தி பலகையில் படும் சத்தமும் நின்றது.

"இந்த ஞாயிறு வராதேங்கோ அண்ணை" என்றாள் அவள், வழக்கமான தணிந்த குரலில். "நாய் நல்லாக் கொழுத்துப்போச்சு. கொழும்பிலை இருந்து வந்த மனிசி மைக்கிலையே சொல்லிப்போட்டா. உந்தக் கோலத்திலை அனுப்பினா எங்களுக்குத்தான் மரியாதை இல்லை. பண்டிக்குப் பின்னாலை ஓடவும் மாட்டுது. மெலிஞ்ச உடனை நானே சொல்லுறன்."

ஃபோனை வைத்துவிட்டு, கத்தரிக்காயின் மிச்சத்தையும் வெட்டி முடித்தாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் தலையைக் குனிந்து நாயைத் தேய்த்தேன். என் கண் கலங்கியதை நாய் மட்டும் பார்த்தது.

இது போன வருடம். தமையன் மாதத்துக்கு ஒருமுறை ஃபோன் எடுத்து, நாய் மெலிந்துவிட்டதா என்று கேட்பார். இவள் இன்னும் கொஞ்சம் கிடக்கு என்பாள். பிறகு அவர் வேறெங்கோ ஒரு ஊர்நாயைப் பிடித்துக் கட்டிவிட்டதாகக் கேள்வி. ஆனாலும் கேட்பதை விடவில்லை, இவளும் அதே பதிலை விடவில்லை.

இந்த வருடமும் நல்லூரில் கொடி ஏறியது. சட்டி பானை மாற்றி, வீடு கழுவி, எல்லாம் முறைப்படிதான். இரண்டாம் நாள் காலை வீட்டுக் கிணற்றடிக்குப் போன நான், மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் மெல்லிய புகை எழும்புவதைக் கண்டேன். காணாத மாதிரித் திரும்பி வந்து, ஸ்கூட்டியை வெளியே எடுத்து, தேசிக்காய் ஒன்றைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு நாயைக் கூப்பிட்டேன்.